அளக்க முடியாத தொலைவு: கன அயனி மோதல்களில் மையத்தன்மைக் கணிப்பு எதுவரை நம்பத்தக்கது?

ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. முடுக்கியில் இரண்டு ஈய அணுக்கருக்கள் மோதும்போது இயற்பியலாளர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: அவை நேருக்கு நேர் மோதினவா, ஓரம் உரசிப் போயினவா? மற்றக் கேள்விகளெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும். குவார்க்குகளும் குளுவான்களும் கட்டவிழ்ந்த திரவமான குவார்க்-குளுவான் பிளாஸ்மா எவ்வளவு பெரிதாக உருவானது, அதைக் கடந்து சென்ற குவார்க் எவ்வளவு ஆற்றலை இழந்தது, அந்தத் திரவம் எந்த வடிவில் விரிந்தது என்று எதைக் கேட்டாலும் விடை மோதலின் வடிவியலில்தான் தொடங்குகிறது. அந்த வடிவியலைச் சொல்லும் எண் மோதல் அளவுரு. இரு கருக்களின் மையங்களுக்கு இடையே, அவற்றின் பாதைக்குக் குறுக்காக உள்ள தொலைவு அது. சில ஃபெம்டோமீட்டர்தான் இருக்கும். ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதை அளக்கும் கருவி கிடையாது. கற்றையை அந்தத் துல்லியத்தில் குறிவைக்கவும் வழியில்லை.

அளக்க முடியாத இந்தத் தொலைவுக்குப் பதிலாக, துறை முழுவதும் 'மையத்தன்மை' என்ற சதமானத்தை வைத்துப் பேசுகிறது. மிக நேரான மோதல்கள் 0–5% வகுப்பு; ஓரம் உரசியவை 80–90% வகுப்பு. கன அயனி இயற்பியலின் ஏறத்தாழ எல்லா வரைபடங்களிலும் இந்த எண்கள் இருக்கும். 2000இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் ரிக் மோதுவி இயங்கத் தொடங்கியதிலிருந்து, 2010 நவம்பரில் எல்.எச்.சி.யில் ஈயக் கருக்கள் மோதத் தொடங்கி இன்றுவரை, இந்தத் துறையின் பெரிய முடிவுகள் பலவும் இந்தச் சதமானங்களின்மேல்தான் நிற்கின்றன. அடித்தளம் எந்த அளவுக்கு உறுதியானது என்று பார்ப்பது அதனால் நுணுக்கம் தேடுவோரின் வேலை மட்டும் அல்ல. அதன்மேல் எழுப்பப்பட்ட முடிவுகளில் எவை தாங்கும், எவை தாங்கா என்பதே இங்கே கேள்வி.

சதமானம் எப்படிப் பிறக்கிறது

எல்.எச்.சி.யின் ஆலிஸ் சோதனையை எடுத்துக்கொள்வோம். மோதல் புள்ளியின் இருபுறமும், கற்றைக்கு நெருங்கிய கோணங்களில், 'வி-ஜீரோ' என்னும் சிண்டிலேட்டர் தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு மோதலிலும் அவற்றைத் தாக்கும் மின்னூட்டத் துகள்களின் மொத்த சமிக்ஞையைப் பதிவு செய்தார்கள். பெரிய சமிக்ஞை என்றால் நிறையத் துகள்கள். நிறையத் துகள்கள் என்றால் நிறைய நியூக்ளியான்கள் (கருவிலுள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும்) மோதியிருக்க வேண்டும். அப்படியானால் மோதல் அளவுரு சிறியது. இதுதான் அடிப்படைத் தருக்கம். எல்லா மோதல்களையும் சமிக்ஞையின் அளவுப்படி வரிசைப்படுத்தி, மேலிருந்து முதல் 5 விழுக்காட்டை வெட்டினால் 0–5% வகுப்பு கிடைக்கும்.

இதுவரை இது ஒரு ரேங்க் பட்டியல் மட்டுமே. முதல் ஐந்து விழுக்காட்டில் யார் வந்தார்கள் என்று பட்டியல் சொல்லும். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று சொல்லாது. அந்த இரண்டாவது விடைக்கு ஒரு மாதிரி வேண்டும். இங்கே பயன்படுவது ராய் கிளாபரின் பெயரைத் தாங்கிய மாதிரி. பின்னாளில், 2005இல், ஒளியின் குவாண்டம் கோட்பாட்டுக்காக நோபல் பரிசு பெற்ற அவர், 1950களில் அணுக்கருச் சிதறலுக்கு வகுத்த அணுகுமுறையின் வழிவந்தது இது. ஈயக் கருவின் ஆரம் சுமார் 6.6 ஃபெம்டோமீட்டர், ஓரம் கூர்மையாக முடியாமல் மெல்ல மங்கும். அந்தப் பரவலின்படி 208 நியூக்ளியான்களைக் கணினியில் தூவி, அப்படிப்பட்ட இரு கருக்களை ஏதோ ஒரு மோதல் அளவுருவில் ஒன்றன்மேல் ஒன்று செலுத்துகிறார்கள். நியூக்ளியான்கள் நேர்கோட்டில் செல்லும். இரண்டு போதிய அளவு நெருங்கினால் மோதியதாகக் கொள்ளப்படும். எத்தனை நியூக்ளியான்கள் பங்கேற்றன, நியூக்ளியான் இணைகளுக்கு இடையே எத்தனை இருமை மோதல்கள் நடந்தன என்று எண்ணி, இரண்டையும் ஏறக்குறைய 80க்கு 20 என்ற கலவையில் சேர்த்துத் துகள் மூலங்களின் எண்ணிக்கையைப் பெற்று, ஒவ்வொரு மூலமும் எதிர்ம ஈருறுப்புப் பரவலின்படி துகள்களை உமிழ்கிறது என்று வைத்து, அளந்த சமிக்ஞைப் பரவலோடு பொருத்துகிறார்கள்.

பொருத்தம் மிக அழகாக அமைகிறது. நியூக்ளியான் இணை ஒன்றுக்கு 2.76 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், 0–5% வகுப்பின் மோதல் அளவுரு 0 முதல் 3.5 ஃபெம்டோமீட்டர் வரை; பங்கேற்ற நியூக்ளியான்கள் சராசரியாகச் சுமார் 383; மொத்தம் இருப்பதே 416. இருமை மோதல்கள் சுமார் 1,685. இந்த எண்களின் துல்லியத்தில் கண் மயங்கி, இவை அளக்கப்பட்டவை என்று எண்ணிவிடுவது எளிது. இவை கணிக்கப்பட்டவை. அந்த வேறுபாட்டைக் கைவிடாமல் மேலே செல்வோம்.

எதை வைத்து எடைபோடுவது

மையத்தன்மையைக் கணிக்கும் எந்த முறையையும் மூன்று தேர்வுகளுக்கு உட்படுத்தலாம். முதலாவது ஒருபோக்கு: மோதல் அளவுரு குறையக் குறைய அளவி ஒரே திசையில் மாற வேண்டும், ஒரு மதிப்பு ஒரே வடிவியலைக் குறிக்க வேண்டும். இரண்டாவது சார்பின்மை: வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் அளவி, அந்த வகுப்பில் நாம் அளக்க விரும்பும் பொருளோடு வேறு வழியில் பிணைந்திருக்கக் கூடாது. மூன்றாவது நங்கூரம்: நூறு விழுக்காடு என்பது எது என்று உறுதியாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் எல்லாச் சதமானங்களும் நகர்ந்துபோகும்.

நங்கூரத்தின் சிக்கல் எல்.எச்.சி.யில் கடுமையானது. இரு ஈயக் கருக்கள் உண்மையில் இடித்துக்கொள்ளும் மோதல் பரப்பு சுமார் 7.7 பார்ன் (மோதல் பரப்பின் அலகு). தொடாமலே கடந்துசெல்லும் கருக்கள், தம் பெரும் மின்புலத்தால் ஒன்றையொன்று சிதைக்கும் நிகழ்வுகளுக்கான பரப்பை ஆலிஸ் அளந்தது: சுமார் 187 பார்ன். அசல் மோதலைப்போல் இருபது மடங்குக்கு மேல் நடக்கும் இந்த மின்காந்த நிகழ்வுகள், துகள் எண்ணிக்கை மிகக் குறைந்த ஓரத்தில் வந்து கலக்கின்றன. அதனால் ஆலிஸ் 90 விழுக்காட்டில் நங்கூரமிட்டு, அதற்கப்பால் உள்ளதைத் தன் வழக்கமான முடிவுகளில் சேர்ப்பதில்லை. இது நேர்மையான, சரியான முடிவு. ஆனால் 80–90% வகுப்பு அந்தக் கலங்கலின் கரையிலேயே நிற்கிறது என்பதையும் அது காட்டிவிடுகிறது.

துகள் எண்ணிக்கை: வலிமையும் எல்லையும்

பெரிய கருக்களின் மையமான, நடுத்தர மோதல்களில் துகள் எண்ணிக்கை முறை மூன்று தேர்வுகளிலும் தேறுகிறது. 0–5% வகுப்பில், கற்றைக்குச் செங்குத்தான பகுதியில் மட்டும், ஓரலகு போலி விரைவுக்கு (கற்றையோடு துகள் அமைக்கும் கோணத்தைக் குறிக்கும் அளவு) சுமார் 1,600 மின்னூட்டத் துகள்கள் பிறக்கின்றன. இவ்வளவு பெரிய எண்ணில் தற்செயல் ஏற்ற இறக்கம் சிறிய பங்குதான். வி-ஜீரோவின் மையத்தன்மைப் பிரிதிறன் மைய மோதல்களில் அரை விழுக்காடு, ஓரத்தில் 2 விழுக்காடு. தேர்ந்தெடுக்கும் கருவி முன்கோணத்தில், அளக்கப்படும் ஜெட்டுகள் (உயர் ஆற்றல் குவார்க்குகளிலிருந்து பீறிடும் துகள் தாரைகள்) நடுப்பகுதியில் என்று இடைவெளி விட்டிருப்பதால் சார்பின்மையும் பெரிதும் காக்கப்படுகிறது. 0–5% வகுப்பில் உயர் உந்தத் துகள்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததில் ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. குவார்க்குகள் பிளாஸ்மாவில் ஆற்றலை இழப்பதன், அதாவது ஜெட் ஒடுக்கத்தின், சான்று அது. கிளாபர் கணக்கில் பத்து விழுக்காடு பிழை இருந்தாலும் அந்தச் சான்று அசையாது.

மாதிரியின் உள்ளே இருக்கும் துகள் பிறப்புக் கற்பனை மட்டும் அவ்வளவு திடமானது அல்ல. பங்கேற்பும் இருமை மோதலும் கலந்த அந்தக் கலவைக்கு உண்மையான சோதனை 2012இல் ரிக்கில் யுரேனியம் கருக்களை மோதவிட்டபோது வந்தது. யுரேனியக் கரு நீள்வட்டமானது. முழுதாக ஒன்றின்மேல் ஒன்று விழும் மோதல்களிலும் முனையோடு முனை மோதினால் இருமை மோதல்கள் கூடும். பக்கத்தோடு பக்கம் மோதினால் குறையும். கலவை மாதிரி சரியென்றால் துகள் எண்ணிக்கையின் உச்சியில் முனை மோதல்கள் மட்டும் தங்கி, நீள்வட்டப் பாய்வு (துகள்கள் ஒரு திசையில் கூடுதலாக விரியும் கூட்டுப் பாய்வு) திடீரெனச் சரிய வேண்டும். ரிக்கின் ஸ்டார் சோதனை 2015இல் வெளியிட்ட முடிவில் அந்தச் சரிவு இல்லை. இருமை மோதல்களைத் துகள் பிறப்போடு நேரடியாகக் கட்டியது பிழை என்பதற்கு இது வலுவான சான்று.

அப்படியானால் அந்தக் கலவையை வைத்துப் பெற்ற 383 என்ற எண்ணும் விழுமா? விழாது என்பதே என் மதிப்பீடு. பங்கேற்பு எண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கருவின் வடிவமும் வரிசையில் வெட்டும் இடமும்தான். எந்தச் செய்முறையில் துகள்கள் பிறந்தன என்பதன் பங்கு அங்கே சிறியது. மாதிரியின் ஒரு பகுதி பிழையானாலும் மைய வகுப்புகளின் விடை நிலைத்திருப்பது அந்த முறையின் உண்மையான பலம். ஆனால் பொருத்தம் அழகாக இருப்பதாலேயே மாதிரி சரி என்று வாதிடுவோருக்கு யுரேனியம் சொல்லும் பாடத்தைத் தவிர்க்க முடியாது.

ஒதுங்கி நின்றவற்றை எண்ணுவது

மோதலில் சேராமல் நேரே பறந்துபோகும் நியூக்ளியான்களை எண்ணினால் என்ன? சார்பின்மைத் தேர்வில் இந்த வழிக்கு முதல் மதிப்பெண். மோதலில் புதிதாகப் பிறந்த துகள்களை அது தொடுவதே இல்லை. ஆலிஸில் மோதல் புள்ளியிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, இருபுறமும், சுழிக்கோணக் கலோரிமீட்டர்கள் இதற்காகவே நிற்கின்றன.

ஒருபோக்குத் தேர்வில் அது தோற்கிறது. ஓர மோதல்களில் ஒதுங்கிய நியூக்ளியான்கள் தனித்தனியாக வராமல் துண்டுக் கருக்களாக ஒட்டிக்கொண்டே பறக்கின்றன. அந்தத் துண்டுகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்குமான விகிதம் கற்றையின் விகிதத்துக்கு நெருங்கியது என்பதால் காந்தங்கள் அவற்றைக் கற்றைக் குழாய்க்குள்ளேயே கொண்டுபோய்விடுகின்றன. ஒதுங்கியவை குறைவு என்பதால் மிக மையமான மோதலிலும் கலோரிமீட்டர் குறைந்த ஆற்றலைக் காட்டும். துண்டுகள் தப்பிவிடுவதால் மிக ஓரமான மோதலிலும் அப்படியே காட்டும். இரண்டையும் பிரிக்க இன்னொரு கருவியின் துணை வேண்டும். நிலைத்த இலக்கில் மோதும் சோதனைகளில், செர்னின் என்.ஏ.61/ஷைன் போன்றவற்றில், துண்டுகளும் முன்னால் உள்ள கலோரிமீட்டரிலேயே விழுவதால் இந்த முறை வெகுவாக மேம்படுகிறது. ஆக இது மோசமான முறை அல்ல. மோதுவிகளில் தனித்து நிற்க இயலாத, சாட்சியாகத் துணை நிற்க மிகத் தகுந்த முறை.

ஓரத்தில் உடைவது

80 விழுக்காட்டுக்கு இணையான மோதல் அளவுரு ஏறக்குறைய 14 ஃபெம்டோமீட்டர். ஈயக் கருவின் ஆரத்தை இரட்டித்தால் 13.2தான் வரும். அதாவது இந்த வகுப்பில் கருக்களின் மங்கிய விளிம்புகள்தான் தொட்டுக்கொள்கின்றன. பங்கேற்கும் நியூக்ளியான்கள் சராசரியாக எட்டுக்கும் குறைவு. இங்கே துகள் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் வடிவியலின் மாற்றத்துக்குச் சமமாக வளர்ந்துவிடுகிறது. துகள் குறைந்த நிகழ்வுகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர மோதல்களோடு, ஒவ்வொரு நியூக்ளியான் மோதலும் சோர்வாக நடந்த நிகழ்வுகளும் சேர்கின்றன. ஜெட்டைப் பிறப்பிக்கும் வன்மோதல்களோ, துகள்கள் நிறையப் பிறக்கும் நிகழ்வுகளில்தான் கூடுதலாக நடக்கின்றன. தேர்வு முறையே ஜெட்டுகளை வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டாவது தேர்வான சார்பின்மையில் இந்த முறை இங்கேதான் தோற்கிறது.

இதன் விளைவு பல ஆண்டுகள் கண்ணெதிரே இருந்தது. ஓரத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஜெட் ஒடுக்கம் மறைய வேண்டும். அணுக்கரு மாற்ற விகிதம், அதாவது காணும் எண்ணிக்கைக்கும் இருமை மோதல்களை வைத்து எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்குமான விகிதம், ஒன்றை எட்ட வேண்டும். அது எட்டாமல், 80 விழுக்காட்டுக்கு மேல் மறுபடியும் கீழே இறங்கியது. ஓர மோதலிலும் ஜெட் ஒடுக்கம் உண்டு என்று அதை வாசிக்க இடமிருந்தது. 2017இல் இயற்பியலாளர்கள் லோய்ட்சிடெஸும் மோர்ஷும், பிளாஸ்மா எதுவுமில்லாமல் தனித்தனி நியூக்ளியான் மோதல்களை அடுக்கினாலே இந்த இறக்கம் வந்துவிடும் என்று காட்டினார்கள். 2019இல் ஆலிஸ் தன் தரவிலேயே அதை உறுதிப்படுத்தியது. பிளாஸ்மாவின் தடம் என்று தோன்றியது தேர்வு முறையின் தடமாக இருந்தது.

இறுதிச் சான்று இசட் போசானிடமிருந்து வந்தது. இசட் போசான் சிதைந்து வரும் மியூவான்களும் எலக்ட்ரான்களும் வலுவிசையை உணராதவை. பிளாஸ்மா அவற்றை அடக்காது. எனவே இருமை மோதல் எண்ணிக்கைக்கு ஏற்ப இசட் போசான்கள் பிறந்தாக வேண்டும். 2021இல் எல்.எச்.சி.யின் சிஎம்எஸ் சோதனை வெளியிட்ட அளவீட்டில், மைய மோதல்களில் கிளாபர் கணக்கும் இசட் எண்ணிக்கையும் ஒத்துப்போயின; ஓர மோதல்களில் இசட் குறைந்தது. அதன்மூலம், கிளாபரின் துணையே இல்லாமல், ஒவ்வொரு வகுப்பிலும் நடந்த நியூக்ளியான் மோதல்களின் அளவைத் தரவிலிருந்தே எடுக்க முடியும் என்று சிஎம்எஸ் காட்டியது. மையத்தன்மை பற்றிய இருபதாண்டு விவாதத்தில் மிகச் சிறந்த பங்களிப்பு இது என்று கருதுகிறேன். ஒரு மாதிரியை இன்னொரு மாதிரியால் சரிபார்க்காமல், இயற்கையிடமே கேட்ட முறை அது.

சிறிய மோதல்களும் நுண்ணிய கேள்விகளும்

ஓரத்தில் தோன்றும் நோய், புரோட்டான்-ஈயம், டியூட்டரான்-தங்கம் போன்ற சிறிய மோதல்களில் உடல் முழுவதும் பரவுகிறது. ஒரு புரோட்டான் ஈயக் கருவைக் கடக்கும்போது சராசரியாக ஏழு மோதல்கள்தான் நடக்கின்றன. 2015இல் எல்.எச்.சி.யின் அட்லஸ் சோதனை வெளியிட்ட முடிவில், எல்லா மோதல்களையும் சேர்த்தால் ஜெட்டுகள் எதிர்பார்த்தபடியே இருந்தன. மையத்தன்மைப்படி பிரித்தால் மைய வகுப்பில் குறைவும் ஓர வகுப்பில் மிகையும் தெரிந்தன. மொத்தத்தில் இல்லாத விளைவு பங்கிடும்போது மட்டும் தோன்றினால், பங்கீட்டின்மீது ஐயம் விழுவது நியாயம். அதே ஆண்டில் ஆலிஸ், தன் அணுக்கரு மாற்ற விகிதத்துக்கு வழக்கமான குறியீட்டை விட்டு வேறொரு குறியீட்டை இட்டது; தேர்வுச் சாய்வு அதில் கலந்திருக்கலாம் என்று வாசகருக்கு அறிவிக்கும் முடிவு. ரிக்கின் ஃபீனிக்ஸ் சோதனை டியூட்டரான்-தங்க மோதல்களில் நேரடி ஃபோட்டான்களை அளவுகோலாக்கியது. ஃபோட்டானும் பிளாஸ்மாவால் பாதிக்கப்படாதது. அந்த அளவுகோலில் பார்த்தபோது ஓர வகுப்பின் விந்தையான மிகை மறைந்தது. மிக மையமான வகுப்பில் சுமார் 20 விழுக்காடு ஒடுக்கம் மட்டும் எஞ்சியது. கிளாபர் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் இல்லாததை இருப்பதாகவும், இருப்பதைக் கலங்கலாகவும் கண்டிருப்போம்.

சராசரியை விட்டு ஏற்ற இறக்கங்களையே அளக்கும் ஆய்வுகளுக்கு வேறொரு கண்டிப்பு தேவை. குவார்க் பொருளின் மாறுநிலைப் புள்ளியைத் தேடும் ஸ்டார் குழு, நிகழ்வுக்கு நிகழ்வு புரோட்டான் எண்ணிக்கை எப்படி ஆடுகிறது என்று பார்க்கிறது. ஒரே வகுப்புக்குள் மோதலின் பருமன் மாறினாலே அந்த ஆட்டம் வந்துவிடும். ஆகவே மையத்தன்மையைக் கணிக்கும் எண்ணிக்கையிலிருந்து புரோட்டான்களை விலக்கி, வகுப்பைக் குறுகிய துண்டுகளாக்கித் திருத்தம் செய்கிறார்கள். இது தேவையான கவனம். ஆனால் துகள்கள் குறைவாகப் பிறக்கும் தாழ்ந்த ஆற்றல்களில் இந்தத் திருத்தமும் தளர்கிறது.

2018இல் ரிக்கில் ருத்தேனியம்-96, சிர்க்கோனியம்-96 கருக்களை மோதவிட்டபோது இன்னொரு பாடம் கிடைத்தது. நிறை எண் ஒன்று, மின்னூட்டம் மட்டும் வேறு. எனவே ஒரே சதமானத்தில், தேடிய விளைவை மறைக்கும் பின்னணி ஒன்றாகவே இருக்கும் என்ற எதிர்பார்ப்பில், தரவைப் பார்க்காமலே அளவுகோல்களை நிர்ணயித்தார்கள். 2021இல் முடிவு வெளியானபோது, ஒரே சதமானத்தில் இரண்டின் துகள் எண்ணிக்கையும் வேறுபட்டது. கருக்களின் வடிவிலும், நியூட்ரான்கள் மிகுந்த விளிம்பான நியூட்ரான் தோலிலும் உள்ள சிறு வேறுபாடே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. சதமானம் ஒன்றாக இருப்பதால் வடிவியலும் ஒன்றாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மாற்று வழிகள்

மாதிரியைக் கூடியவரை கைவிடலாமா? 2018இல் இயற்பியலாளர் ஒலிட்ரோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வேறு வழியை முன்வைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட மோதல் அளவுருவில் துகள் எண்ணிக்கை எப்படிப் பரவும் என்பதற்கு எளிய கணித வடிவம் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டு, பேய்ஸ் விதிப்படி எண்ணிக்கையிலிருந்து மோதல் அளவுருவைத் தலைகீழாகப் பெறுவது. நியூக்ளியான்களைத் தூவ வேண்டாம், கலவை வேண்டாம். மிக மையமான மோதல்களில் இது அருமையாக வேலை செய்கிறது. எந்த உணர்கருவி மையத்தன்மையைத் துல்லியமாகக் கணிக்கிறது என்று ஒப்பிடவும் உதவுகிறது. ஓரத்தில் நங்கூரச் சிக்கல் இதற்கும் உண்டு.

நரம்பு வலையமைப்புகளால் மோதல் அளவுருவைக் கணிக்கும் முயற்சி 1994இலேயே தொடங்கியது; இன்றைய ஆழ்கற்றல் அதை வெகுதூரம் கொண்டுபோயிருக்கிறது. ஆனால் அவை கற்பது உருவகப்படுத்திய மோதல்களிலிருந்து. அங்கே மட்டும்தான் மோதல் அளவுரு முன்னரே தெரியும். எனவே அவை மாதிரியின் பிழையைக் களைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்கின்றன. சோதனைக் களத்தில் விரைவாக நிகழ்வுகளைப் பிரிக்க அவை உதவும். தீர்ப்பு சொல்லும் இடத்தில் அவற்றை இப்போது வைக்க முடியாது.

தீர்ப்பு

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாச் சோதனைகளும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவதால்தான் ஆலிஸ், அட்லஸ், சிஎம்எஸ் முடிவுகளை ஒப்பிட முடிகிறது. பிழை இருந்தாலும் பொதுவான பிழை ஒப்பீட்டில் கழிந்துவிடும் என்பார்கள். ஓர் எல்லை வரை இது உண்மை. ஆனால் ஒரே ஆற்றலில், ஒரே கருக்களில், ஒரே வகுப்பை ஒப்பிடும்போதுதான் பொதுப் பிழை கழியும். மைய வகுப்பை ஓர வகுப்போடும், ஈயத்தைப் புரோட்டானோடும், ருத்தேனியத்தைச் சிர்க்கோனியத்தோடும் ஒப்பிடும்போது அது கழியாது. இயற்பியல் விளைவு போலவே வேடமிட்டு நிற்கும். துறையின் சுவையான கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

ஆகவே தீர்ப்பு மூன்று பகுதிகளாக வருகிறது. பெரிய கருக்களின் மோதல்களில், 0 முதல் 70 விழுக்காடு வரை, சராசரிகளைப் பற்றிய கேள்விகளுக்குத் துகள் எண்ணிக்கையும் கிளாபரும் சேர்ந்த முறை நம்பத்தக்கது. அதன்மேல் எழுந்த ஜெட் ஒடுக்கமும் கூட்டுப் பாய்வும் பாதுகாப்பாக நிற்கின்றன. 80 விழுக்காட்டுக்கு மேலும், சிறிய மோதல்களிலும், அந்த முறை தரும் இருமை மோதல் எண்ணிக்கையை அளவீடு என்று ஏற்க முடியாது. இசட் போசானோ ஃபோட்டானோ சாட்சி சொல்லாதவரை அங்கே காணும் ஒடுக்கமும் மிகையும் நிரூபிக்கப்படாதவை. ஏற்ற இறக்கங்களையும் நுண்ணிய வேறுபாடுகளையும் தேடும் ஆய்வுகளில், குறைந்தது இரண்டு சார்பற்ற அளவிகளால் மையத்தன்மையைக் கணித்து, இரண்டிலும் முடிவு நிலைத்தால் மட்டுமே அதை ஏற்க வேண்டும்.

நடைமுறையில் இதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை. எந்தச் சமிக்ஞையில், எந்தக் கோணத்தில், எங்கே வெட்டினோம் என்ற விவரத்தோடு சதமானத்தைத் தரவாக வெளியிட வேண்டும். பங்கேற்பு எண்ணையும் இருமை மோதல் எண்ணையும் மாதிரியின் விளைவாகத் தனியே வெளியிட வேண்டும். அப்படிச் செய்தால் நாளை சிறந்த மாதிரி வரும்போது இன்றைய தரவு வீணாகாது. மாதிரியைத் தரவுக்குள் கலந்து வெளியிட்டால், இருபதாண்டு உழைப்பை மறுபடி பிரித்தெடுக்க வழியில்லாமல் போகும். கிளாபர் மாதிரி இந்தத் துறைக்கு அளித்த பயன் பெரிது. அந்தப் பயன் தொடர வேண்டுமென்றால் அது எங்கே கணிக்கிறது, எங்கே ஊகிக்கிறது என்ற எல்லைக்கோடு ஒவ்வொரு வரைபடத்திலும் வாசகர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.